மாலை வாங்கி வராத தூது

தூது என்பது தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தூது விடுவதற்கு உரியவை என்று நம் முன்னோர் பத்தினைக் குறித்தனர். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. தலைவி இவற்றுள் ஒன்றை அழைத்துத் தன் துயரைச் சொல்லித் தலைவனிடம் அனுப்புவாள். அனுப்பும்போது, அவன் அணிந்திருக்கும் மாலையை வாங்கிக்கொண்டு வா என்று மறவாமல் சொல்லியனுப்புவாள். கல்லூரியில் இதனைப் படித்த நாளில் அந்த மாலை காதலின் சின்னம் என்று மட்டுமே எண்ணினேன். தூது உரிய இடத்தில் சேர்ந்தமைக்கு அதுவே சான்றும் ஆகும் என்பதை நான் உணர்ந்தது நூல் வழியாக அன்று. 1992-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், புனே நகரில், ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்த ஒரு பிழையின் வழியாக.

இலக்கிய மலரில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கடிதம் சுமந்தவனின் கதை எக்காலத்திலும் இலக்கியத்துக்கு அயலானது அன்று என்பதே என் விடை. நான் சுமந்தவை தாளில் எழுதிய கடிதங்கள் அல்ல, அவ்வளவுதான் வேறுபாடு.

என் தந்தையார் ஆர்.எம்.எஸ். எனப்படும் இரயில் அஞ்சல் பணியில் சார்ட்டராக இருந்தவர். எழும்பூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இரவு வண்டியில் அவர் பணி. ஓடும் வண்டியில் நின்றவாறே, ஊர்ப்பெயர் எழுதிய சிறுசிறு அறைகளில் கடிதங்களைப் பிரித்து இடுவார். நிலையம் நெருங்கும்போது ஒவ்வோர் அறையிலும் சேர்ந்தவற்றை ஒரு கட்டாகக் கட்டி, பெயர்ச்சீட்டு வைத்து, பையில் இட்டு, வாயைக் கட்டி அரக்கு முத்திரை வைப்பார். வண்டி நிற்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பைகளை எண்ணிக் கொடுத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டும். “கொடுத்தாயிற்று என்று நீ நினைப்பது கணக்கில் வராது, அவன் கையெழுத்து விழுகிற வரைக்கும் பை உன்னுடையது” என்று புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குச் சொல்வார். விடுமுறை நாள்களில் அவரைக் காணச் செல்லும்போது பலமுறை இதனைக் கேட்டிருக்கிறேன். கேட்டதெல்லாம் காதோடு நின்றது.

நான் படித்தது பௌதிகம். பிழைக்க வந்த இடம் புனே. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கணிப்பொறிப் பிரிவில் அமர்ந்தேன். என் பொறுப்பில் இருந்தவற்றுள் ஒன்று, ‘யூஸ்நெட்’ என்னும் செய்திக்குழு வலையமைப்பின் கட்டுரைகளை நாள்தோறும் வாங்குவதும் அனுப்புவதும்.

இன்றைய இளைஞர்க்கு அதனைச் சற்று விளக்க வேண்டும். 1979-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருந்த மூன்று மாணவர்கள் எண்ணிய எண்ணம் அது. டியூக் பல்கலைக்கழகத்தில் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும், அருகிலிருந்த வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பெலோவினும் இருந்தனர். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் என்பவர் முன்னரே உருவாக்கியிருந்த ‘யூயூசிபி’ என்னும் ஏற்பாட்டினால் ஒரு யூனிக்ஸ் கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளைக் கொடுத்து வாங்க முடியும். அதனைக் கொண்டு ஓர் ஊரில் எழுதப்பட்டது எல்லா ஊர்க்கும் பரவச் செய்யலாம் என்று கண்டனர். 1980-இல் அது பிற பல்கலைக்கழகங்களுக்கும் திறந்தது. அறிவியல், கணிப்பொறி, மருத்துவம், சமையல், இசை என்று தலைப்பு வாரியாகக் குழுக்கள் பெருகின. தமிழர்க்கென்றும் ஒரு குழு ஏற்பட்டு, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி உரையாடிய காலமும் வந்தது.

இவ்வமைப்புக்குத் தலைமை நிலையம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு நிலையமும் தன் அண்டை நிலையத்திடம் வாங்கி, மற்றோர் அண்டைக்குக் கொடுக்கும். கட்டுரை கடந்து வந்த நிலையங்களின் பெயர்கள் அதன் தலைப்பகுதியில் வியப்புக்குறிகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு நிலையமும் வாங்கியவுடன் தன் பெயரை முன்னே சேர்த்துக்கொள்ளும். அவ்வரிசையில் ஏற்கெனவே பெயருள்ள அண்டைக்கு அதனை மீண்டும் அனுப்புவதில்லை. கட்டுரை ஒவ்வொன்றுக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண்ணும் உண்டு. இரு வழியாக ஒரே கட்டுரை வந்துவிட்டால், பேரேட்டில் அந்த எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடும். அஞ்சல் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்த உறையை அது எனக்கு நினைவூட்டும்.

நம் நாட்டில் ‘எர்நெட்’ என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1986-இல் தொடங்கியது. முதலில் அதில் ஓடியது தொலைபேசி வழியான யூயூசிபி அஞ்சலே. பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்கு நிலையான இணைப்பு 1989-இல் ஏற்பட்டது. எங்களைப் போன்ற சிறு நிலையங்கள் மட்டும் இரவில் எஸ்.டி.டி. கட்டணம் குறையும் வேளை பார்த்துத் தொலைபேசியில் அழைத்துப் பெற்று வந்தன.

ஒவ்வொரு கட்டுரையையும் தனித்தனியே அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டளை, தனிக் கோப்பு, தனிக் காலதாமதம் என்று ஆகும். ஆதலால் பல கட்டுரைகளை ஒரு கட்டாகச் சேர்ப்பது வழக்கம். அக்கட்டின் அமைப்பு மிக எளியது. ஒவ்வொரு கட்டுரைக்கு முன்னும் ஒரே ஒரு வரி நிற்கும். அதில் ‘ஆர்நியூஸ்’ என்னும் ஏவல் சொல்லும், அடுத்து வரும் கட்டுரையில் எத்தனை எழுத்து என்னும் எண்ணும் இருக்கும். பெறுகின்ற கணிப்பொறி அந்த எண்ணின்படி எண்ணி எடுத்துக்கொண்டு, அடுத்த வரியில் அடுத்த எண்ணைப் பார்க்கும். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் கட்டு குலைந்துபோகும். இவ்வாறு ஏறத்தாழ ஓர் இலட்சம் எழுத்து சேர்ந்ததும் அதனைச் சுருக்கிப் பாதியளவாக்கி, போகவேண்டியவற்றின் வரிசையில் வைப்போம். எங்களிடம் இருந்த மோடம் நொடிக்கு 2400 பிட் வேகத்தது. நொடிக்கு ஏறத்தாழ 240 எழுத்து. சுருக்காமல் அனுப்பினால் ஒரு கட்டுக்கு ஏழு நிமிடம். சுருக்கினால் அதில் பாதி. நாளொன்றுக்கு இருபது கட்டு வரும் என்றால், தொலைபேசிக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் கணக்குப் பிரிவுக்குச் சுருக்கத்தின் அருமை நன்கு விளங்கும்.

இரவு பதினொன்றுக்கு மேல் நான் அமர்வேன். அப்பொழுது திரையில் படம் கிடையாது, சுட்டெலி கிடையாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மட்டும். ஒரு கட்டளையால் கட்டைச் சேர்த்து, அடுத்ததால் சுருக்கி, அதற்கடுத்ததால் வரிசையில் வைத்து, கடைசியாக அழைக்கும் கட்டளையைத் தட்டுவேன். மோடம் எண்ணைச் சுழற்றும், மறுமுனை கீச்சிடும். பிறகு இரு கணிப்பொறிகளும் பேசிக்கொள்வதைத் திரையில் காட்டுமாறு கேட்டிருப்பேன். அழைக்கப்பட்டது ‘இங்கே இருக்கிறேன்’ என்று தொடங்கும். அழைத்தது தன் பெயரைச் சொல்லும். அது ‘சரி’ என்னும். கொடுக்கல் வாங்கல் முடிந்ததும் அழைத்தது ஆங்கில ‘ஓ’ எழுத்தை ஆறு முறை சொல்லி விடைபெறும். மற்றது ஏழு முறை சொல்லும். கதவருகே நின்று விடைபெறும் நம் வீட்டுப் பெரியவர்களை ஒத்த அந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் சலித்ததில்லை.

ஒரு விதியை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். பின்னே வருவதற்கு அது தேவை. எந்தக் கணிப்பொறி அழைக்கிறதோ அதுவே முதலில் தன் சுமையை இறக்கும். அது முடிந்த பிறகே மற்றதன் முறை வரும். வழக்கமாக அழைப்பவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் கட்டு முதலில் போய்விடும். அதன்பின் வருவது வரும்.

எங்கள் நிலையத்தின் கணக்குப் பிரிவில் ஒரு மராட்டிய நண்பர் எழுத்தராக இருந்தார். நாற்பது வயது இருக்கும். எல்லாரும் அவரை ‘அண்ணா’ என்று அழைத்தனர். மராட்டியிலும் மூத்தவரை அழைக்கும் சொல் அதுவே என்று அறிந்தபோது, பிறந்த ஊரை விட்டு வந்த எனக்கு அச்சொல்லே ஒரு திண்ணைபோல் இருந்தது. அவர் என்னைவிட மூத்தவராயினும் என்னை ‘சாஹேப்’ என்றே அழைப்பார். தொலைபேசிக் கட்டணச் சீட்டில் கையெழுத்து வாங்கப் போகும்போதெல்லாம், “இவ்வளவு பணத்துக்கு இரவில் யாரிடம் பேசுகிறீர்கள், சாஹேப்?” என்று சிரிப்பார். உலகத்தோடு பேசுகிறேன் என்று நானும் சிறிது பெருமையோடு சொல்லி வைத்தேன்.

அந்த விடைதான் அவரை ஒரு மாலை என் அறைக்கு அழைத்து வந்தது. அவருடைய ஆறு வயது மகளுக்குச் செவிக்குறை. சில ஒலிகள் கேட்கும், சில கேளா. பேச்சு தெளிவாக வரவில்லை. ஒரு மருத்துவர் வளர வளரச் சரியாகும் என்றார். மற்றொருவர் வேறொன்று சொன்னார். பள்ளியில் சேர்த்துக்கொள்ளத் தயங்கினர். “உலகத்தோடு பேசுகிறேன் என்றீர்களே, என் மகளுக்காக ஒன்று கேட்க முடியுமா?” என்றார். அவர் மராட்டியும் இந்தியும் கலந்து சொல்லச் சொல்ல, நான் பதினான்கு வரியில் ஆங்கிலத்தில் எழுதி, மருத்துவ அறிவியல் குழுவில் இட்டேன். அது எங்கள் திரையில் தோன்றியதைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்கு விளங்கியது தம் மகளின் வயதைக் குறிக்கும் எண் மட்டுமாக இருக்கலாம்.

அது 1992 ஆகஸ்டு மாதம். மழையில் எங்கள் பகுதித் தொலைபேசிக் கம்பி பழுதுபட்டு நான்கு நாள் ஊமையாகக் கிடந்தது. அண்ணாவின் கேள்வி இரண்டாம் நாள் எழுதப்பட்டது. எழுதியவுடன் கட்டில் சேர்ந்து, வரிசையிலும் ஏறிவிட்டது. ஐந்தாம் நாள் காலை கம்பி உயிர் பெற்றது. நான் அலுவலகம் வருமுன், நான்கு நாள் சுமையைத் தாங்கமுடியாத மேலை நிலையம் தானே எங்களை அழைத்துக் கொட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் கணிப்பொறியின் வட்டு வெறும் 80 மெகாபைட். பாதி வழியில் வட்டு நிரம்பி வழிந்தது, அழைப்பு அறுந்தது. நான் வந்து பார்த்தபோது இடமில்லை என்னும் புலம்பலே திரை முழுதும். மற்றவர்களுடைய வேலையும் நின்றுபோய், எல்லாரும் என் அறை வாயிலில் நின்றனர்.

எனக்கு ஏற்பட்ட பதற்றத்தில் வரிசைக் கோப்பகத்துக்குள் சென்றேன். புரியாத பெயர்களோடு நூற்றுக்கணக்கான கோப்புகள் கிடந்தன. எல்லாம் மேலிருந்து வந்து இன்னும் பிரிக்கப்படாத கட்டுகள், போனால் போகட்டும், செய்திதானே என்று முடிவு செய்தேன். எங்கள் கட்டுகள்தாம் எப்பொழுதும் முதலில் போய்விடுமே! அன்று அழைத்தவர்கள் அவர்கள் என்பதும், ஆகவே எங்கள் முறை வருமுன்னே அழைப்பு அறுந்தது என்பதும் என் நினைவில் உதிக்கவில்லை. அழிக்கும் கட்டளைக்கு எழுத்து இரண்டு. அனைத்தையும் என்று சொல்ல ஓர் உடுக்குறி. தட்டினேன். யூனிக்ஸ் ‘உறுதிதானா’ என்று கேட்பதில்லை. வேலை முடிந்தால் முடிந்தது என்றும் சொல்வதில்லை. இடம் கிடைத்தது. வாயிலில் நின்றவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுச் சென்றனர்.

மறுநாளிலிருந்து அண்ணா காலை பத்து மணிக்கு வரத் தொடங்கினார். “சாஹேப், காஹீ ஆலம் கா?” என்பார், ஏதேனும் வந்ததா என்பது பொருள். இல்லை என்பேன். முதல் வாரம் கதவைத் தாண்டி உள்ளே வந்து கேட்டார். இரண்டாம் வாரம் கதவருகே நின்று கேட்டார். பிறகு அந்த வழியே போகும்போது என் முகத்தை மட்டும் பார்ப்பார், நான் தலையசைப்பேன். ஒருநாள் தேநீர் அருந்தும் இடத்தில், “அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். எங்கேயோ இருக்கிற ஓர் எழுத்தனின் மகளைப்பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்!” என்றார். குறையாகச் சொல்லவில்லை, உலகத்தைப் பற்றித் தாம் முன்பே அறிந்திருந்ததை மீண்டும் அறிந்துகொண்டவர்போல் சொன்னார். நானும் அந்தக் குழுவில் எழுதுபவர்கள்மேல் சற்றுக் கோபம் கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் அவர் மீண்டும் உள்ளே வந்தார். “விடை வேண்டா, சாஹேப். அன்று எழுதிய கேள்வியை ஒரு தாளில் அச்சிட்டுத் தர முடியுமா? நான் கேட்கவே இல்லை என்று மனைவி நினைக்கிறாள்” என்றார். தேடினேன். எங்கள் கணிப்பொறியில் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் தாமே நீங்கிவிடும், அதுவும் நீங்கியிருந்தது. அடையாள எண்ணைக் கொண்டாவது மேலை நிலையத்திடம் கேட்கலாம் என்று பழைய பதிவேட்டைத் திறந்தேன். அந்தக் கட்டு வரிசையில் வைக்கப்பட்டதற்கு ஒரு வரி இருந்தது. அனுப்பப்பட்டதற்கு வரி இல்லை. முன்னும் பின்னும் நாள்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு வரி. இதற்கு மட்டும் ஒன்று. அழித்த நாளும் நேரமும் என் கைவிரலிலேயே இருந்தன. அக்கேள்வி எங்கள் அறையை விட்டு வெளியே போகவே இல்லை. எங்கள் திரையில் தெரிந்ததைக் கண்டு உலகமெல்லாம் தெரிந்தது என்று இருவரும் நம்பியிருந்தோம்.

அன்று இரவே அதனை நினைவிலிருந்து மீண்டும் எழுதி, கட்டாக்கி, வரிசையில் வைத்து அழைத்தேன். பதிவேட்டில் இரண்டாவது வரி விழும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு விடியும் வரை உறக்கம் இல்லை. அண்ணாவுக்குச் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் அறிவார் ஒருவரும் இல்லை. இன்னும் சில நாளில் விடை வரக்கூடும். காலம் தாழ்ந்து வந்தது என்று அவர் மகிழ்வார், என்னையும் வாழ்த்துவார். இவ்வளவு வசதியான பொய் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை.

தந்தையார் பணியில் நடந்த ஒன்று அப்பொழுது நினைவுக்கு வந்தது. ஒரு நள்ளிரவில் விழுப்புரம் தாண்டிய பிறகு, அங்கே இறக்கியிருக்க வேண்டிய ஒரு கட்டு வண்டியின் மூலையில் கிடப்பதைக் கண்டாராம். அடுத்த நிலையத்தில் இறக்கித் திருப்பியனுப்பினால் ஒருநாள் தாமதத்தோடு போய்ச் சேர்ந்துவிடும், எவரும் கேட்கமாட்டார்கள். அவர் பிழைப் பதிவேட்டை எடுத்துத் தம் பெயரையே எழுதினார். மேலிடம் விளக்கம் கேட்டது. ஏன் எழுதினீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, “கடிதம் வராதவன் எழுதினவனைத்தான் கோபிப்பான், என்னையா கோபிப்பான்?” என்றாராம். நான் சிறுவனாகக் கேட்ட கதை அது. அன்று விடியலில்தான் எனக்குப் பொருள் விளங்கியது.

காலையில் கணக்குப் பிரிவுக்கு நானே சென்றேன். உள்ளது உள்ளவாறு சொன்னேன். அண்ணா பேசவில்லை. பேரேட்டை மூடினார், பேனாவின் மூடியைப் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நெடுநேரம் கழித்து, “அப்படியானால் அவர்கள் விடை சொல்லாமல் இருக்கவில்லை, கேள்வி அவர்களிடம் போகவில்லை. அப்படித்தானே?” என்றார். ஆம் என்றேன். “அப்படித்தானே?” என்று மறுபடியும் கேட்டார். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போவதைப் பார்த்தேன். பத்தொன்பது நாள் அவர் சுமந்தது விடையில்லாத துன்பம் மட்டும் அன்று. உலகம் தம்மைப் பொருட்படுத்தவில்லை என்னும் முடிவு. அந்த முடிவை அவர்மேல் ஏற்றிவைத்தவன் நான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சில நாள் என் அறைப்பக்கம் வரவும் இல்லை.

ஐந்தாம் நாள் முதல் விடை வந்தது. பத்து நாளில் நான்கு வந்தன. எவரும் மருந்து சொல்லவில்லை. கனடாவிலிருந்து ஒரு தாய், தம் மகனுக்கும் இவ்வாறே இருந்தது என்றும், வயது ஏறட்டும் என்று காத்திருந்த ஆண்டுகளே தமக்கு வருத்தம் என்றும் எழுதியிருந்தார். அமெரிக்காவில் படித்துவந்த இந்திய மாணவர் ஒருவர், உங்கள் அருகிலேயே பம்பாய் பாந்த்ராவில் செவிக்குறையுடையோர்க்கென்று 1983-இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறதே, அங்கு அழைத்துச் செல்லுங்கள் என்று எழுதியிருந்தார். புனேயிலிருந்து சில மணிநேர இரயில் பயணத்தில் உள்ள இடத்தைப் பற்றிய செய்தி, கடல் பல கடந்து போய் எங்களிடம் திரும்பி வந்தது. அடுத்த வாரமே அண்ணா மகளை அழைத்துக்கொண்டு பம்பாய் சென்றார். செவிக்கருவியும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கின. அடுத்த ஆண்டு அக்குழந்தை பள்ளியில் சேர்ந்தாள்.

பின்னர் வேறோர் ஊரில், வேறொரு நிலையத்தில், நிலையான இணைப்பு வந்த பிறகும் இதே பணியைப் பார்த்தேன். அங்கே கட்டுகளைக் கொடுத்து வாங்கும் முறை வேறு. 1986-இல் வகுக்கப்பட்ட ‘என்என்டிபி’ என்னும் நெறி அது. இன்ன எண்ணுள்ள கட்டுரை என்னிடம் இருக்கிறது என்று ஒரு கணிப்பொறி சொல்லும். மற்றது 335 என்றால் அனுப்பு என்று பொருள்; 435 என்றால் வேண்டா. அனுப்பி முடிந்தபின் 235 என்றால் பெற்றுக்கொண்டேன். 436 என்றால் இப்பொழுது இயலவில்லை, பிறகு வா. போகவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கலாமா, வைத்திருக்க வேண்டுமா என்பதை அந்த எண்களே முடிவு செய்யும். 235 என்னும் எண்ணைக் காணுந்தோறும் தூது நூல்களின் மாலை எனக்கு நினைவுக்கு வரும். தந்தையாரின் கையெழுத்துப் பட்டியலும் வரும். நெறியை வகுத்தவர்கள் தமிழ் அறிந்தவர்கள் அல்லர்; எனினும் தலைவி அறிந்ததை அவர்களும் அறிந்திருந்தனர்.

அந்த வலையமைப்பு மெல்லத் தேய்ந்துவிட்டது. அது பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010-இல் தன் செய்திக்குழு வழங்கியை நிறுத்தியது. கூகுள் நிறுவனமும் 2024 பிப்ரவரியிலிருந்து புதிய யூஸ்நெட் கட்டுரைகளை ஏற்பதில்லை. ஆயினும் தொடக்கக் காலக் கட்டுரைகள் பல அழியவில்லை. கனடாவில் தொராண்டோப் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் என்பவர் 1981 முதல் 1991 வரை தம் நிலையத்துக்கு வந்தவற்றை 141 காந்த நாடாக்களில் எடுத்து வைத்திருந்தார். அவற்றிலிருந்த ஏறத்தாழ இருபது இலட்சம் கட்டுரைகள் 2001-இல் மீண்டும் வெளிச்சம் கண்டன. நான் அழித்ததும் அவர் காத்ததும் ஒரே வகைப் பொருள்கள்தாம். செய்திதானே, போகட்டும் என்று அவர் எண்ணவில்லை.

இன்று என் பேரப்பிள்ளைகளின் கைபேசியில் செய்தி சேர்ந்ததற்கு இரண்டு சிறு கோடுகள் தோன்றுகின்றன. அவை தோன்றும் வரை அவர்கள் அமைதி கொள்வதில்லை. நானோ, கோடுகள் தோன்றாவிட்டால் மறுமுனையில் இருப்பவரை நோகாதீர்கள் என்று சொல்லி வருகிறேன். நம்மிடம் வந்து சேராத சொற்களுக்கெல்லாம் சொல்லாதவர்களே காரணம் என்று கொள்வது மனித இயல்பு. இடையில் நின்ற என்போன்றவன் ஒருவனும் காரணமாக இருக்கலாம். இடையில் நிற்பவனுக்கு அறம் ஒன்றே: சேர்ந்தது என்று மறுகரை சொல்லும் வரை கைவிடக்கூடாது; கைவிட்டால் அதனை உரியவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விடைகள் நான்கையும் அச்சிட்டு அண்ணாவிடம் கொடுத்த நாள் நினைவில் இருக்கிறது. அவற்றோடு கேள்வியையும் தனித்தாளில் அச்சிட்டிருந்தேன். விடைகளை ஒரு கோப்பில் வைத்தார். கேள்வியை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இது வீட்டில் காட்டுவதற்கு” என்றார்.